யன்னலும் கதவும் மாற்றும் முன்: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டுக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

யன்னல் மாற்றுவதற்கும் பிரதேச சபைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. உளுத்துப்போன யன்னலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அதே அளவில் புதியதைப் பொருத்தினால் பெரும்பாலும் எவரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் “இவ்வளவும் செய்கிறோம், இன்னும் இரண்டடி அகட்டிவிடுவோமே” என்று மேசன் உளியைச் சுவரில் வைத்துவிட்டால் அது யன்னல் வேலையாக இருப்பதில்லை, கட்டட வேலையாகிவிடுகிறது. நிலை மரமா அலுமினியமா என்பதில் சட்டத்துக்கு அக்கறை குறைவு. சுவரில் உள்ள திறப்பைத்தான் அது பார்க்கிறது.

இலண்டனில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் சொல்லும் விதிகளை இதற்குள் கலக்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2002 ஏப்ரல் முதல் யன்னல் மாற்றுவதே கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. வேலை செய்பவர் ஃபென்சா போன்ற ஒரு திட்டத்தில் பதிவுபெற்று அதன் வழியாகச் சான்றிதழ் தர வேண்டும். இல்லையேல் உள்ளூர்ச் சபையின் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்குள்ள பெரிய கவலை வீட்டுச் சூடு வெளியேறிவிடக் கூடாது என்பது. நமக்கோ அது வெளியேறினால் போதும் என்றிருக்கிறது. இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கென்று அவர் காசு அனுப்பினால், அதை நல்ல பிணைச்சலுக்கும் நுளம்பு வலைக்கும் செலவழியுங்கள்.

படி 1: உங்கள் வேலை எந்த வகை?

திறப்பின் அளவும் இடமும் மாறவில்லை, நிலையும் கதவும் மட்டும் புதிது என்றால் அது பழுதுபார்ப்பு. இதற்குப் படம் வரைந்து அனுமதி பெற வேண்டிய தேவை பொதுவாக வராது. சபைக்குச் சபை நடைமுறை சற்று மாறுவதால், தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. கேட்பதற்குக் காசு இல்லை.

திறப்பை அகலமாக்குவது, உயரமாக்குவது, யன்னலை உடைத்துக் கதவாக்குவது, இருந்த யன்னலைக் கல் வைத்து அடைப்பது, இல்லாத இடத்தில் புதிதாகத் திறப்பது எல்லாம் மாற்ற வேலை. அனுமதி வேண்டும். யன்னலை அடைப்பதையும் இதில் சேர்த்திருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குளிரூட்டி பூட்டுவதற்காக அறையின் ஒரே யன்னலைக் கல் வைத்து மூடுகிறவர்கள், அறையின் காற்றோட்டத்தையே மாற்றுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முன் அறைக் கதவைக் கழற்றி உருளைக் கதவு போட்டுக் கடை திறப்பது இன்னொரு வகை. அது பாவனை மாற்றம். வேலை சிறிதாகத் தெரிந்தாலும் சபை அதை வீட்டு வேலையாகப் பார்க்காது. தனி விண்ணப்பம் போட வேண்டும்.

படி 2: எந்தச் சட்டம், எந்தச் சபை

இரண்டு சட்டங்களின் பெயர் தெரிந்திருந்தால் போதும். ஒன்று, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறாண்டு தாண்டியும் இன்றுவரை உயிரோடு இருக்கும் சட்டம் இது. வெளிச்சுவர், கூரை, வடிகால், காற்றோட்டம், கட்டடத்தின் உறுதி ஆகியவற்றைத் தொடும் மாற்றங்களை அங்கீகரிக்கப்பட்ட படத்தின்படியே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மற்றது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். நகர அபிவிருத்திப் பகுதியென்று பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை செய்யக் கூடாது என்கிறது. இதன் கீழ் 1986இல் வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளுக்குப் பின், 2021இல் புதியவை வர்த்தமானியில் வெளியாகின. பழைய விதியை மனப்பாடமாக வைத்திருக்கும் படவரைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். “இது 2021 விதிப்படியா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சட்டம் எதுவானாலும் நீங்கள் ஏறும் வாசற்படி உள்ளூராட்சி சபையுடையதுதான். மட்டக்களப்பு நகருக்கு மாநகர சபை. காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் நகர சபைகள். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, செங்கலடி, வாழைச்சேனை, ஓட்டமாவடி, வெல்லாவெளிப் பக்கங்களுக்குப் பிரதேச சபைகள். அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் மாநகர சபைகள், அம்பாறை நகருக்கு நகர சபை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்களுக்குப் பிரதேச சபைகள். பிரதேச செயலகத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்க்கலாம். அது காணி அலுவலுக்கான இடம். கட்டட அனுமதி சபையில்தான்.

கடற்கரையை ஒட்டி வீடு இருந்தால் மூன்றாவது ஒருவரும் வருகிறார். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு சேரும் களப்பின் ஓரங்களும் இதற்குள் வரக்கூடும். கல்லடி, நாவலடி போன்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள இடங்களில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. யன்னல் பலகையை மாற்றுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களம் வராது. யன்னலை உடைத்து, கடலைப் பார்த்தபடி ஒரு விறாந்தை இறக்கினால் வரும்.

படி 3: எல்லையும் அயலும்

சண்டைகள் பிறக்கும் இடம் இதுதான். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் இரண்டு வீட்டுக்கிடையில் ஆள் நுழையும் அளவு சந்துதான் இருக்கும். விதி எளிமையானது: காணி எல்லைக் கோட்டின் மீதே எழும் சுவரில் யன்னல் வைக்க முடியாது. பக்கச் சுவரில் யன்னல் வேண்டுமானால் சுவருக்கும் எல்லைக்கும் இடையில் விதி கேட்கும் வெற்றிடம் உங்கள் காணிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த இடைவெளி கட்டடத்தின் உயரத்தோடு கூடும். மேல்மாடியில் யன்னல் திறக்க நினைப்பவர்கள் கீழ்மாடிக் கணக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பழைய வீட்டில் எல்லைச் சுவரில் ஏற்கெனவே ஒரு சிறு யன்னல் இருக்கலாம். தந்தை காலத்தில் அயலவர் வாய்மொழியாகச் சம்மதித்திருப்பார். அதைக் கழற்றும்போது கவனம். உடைத்து அகட்டினால் பழைய சம்மதத்தின் கதை அங்கேயே முடிந்து, புதிய விதியின்படி கேள்வி தொடங்கும். அதே அளவில் மாற்றுவதாயின், கழற்றுமுன் அளவுநாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள்; முன்பிருந்த அளவுக்கு அதுவே ஆதாரம்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவுப் பலகை அயல் காணிக்கு மேலாகவோ ஒழுங்கைக்கு மேலாகவோ நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. யன்னலுக்கு மேலுள்ள கொங்கிரீட் தட்டுக்கும் இதே கணக்கு. அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ-4 போன்ற பெருவீதியின் ஓரத்தில் வீடு இருந்தால், வீதியை அகட்ட ஒதுக்கிய எல்லையைக் காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழைச் சபையிடம் எடுத்துப் பார்த்துவிட்டே முன்பக்கச் சுவரில் கை வையுங்கள். கோட்டுக்குள் விழும் சுவரில் பெரும் பணம் செலவழித்துத் தேக்கு நிலை வைப்பதில் பொருளில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் யன்னல் முறைப்படி வைக்கப்பட்டதாகவே இருந்தாலும், அயலவர் தன் காணிக்குள் முறைப்படி ஒரு சுவர் எழுப்பினால், வெளிச்சம் மறைகிறது என்பதை மட்டும் காட்டி அவரைத் தடுப்பது கடினம். அப்படி ஓர் உரிமை காணி உறுதியில் எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. தகராறு வந்துவிட்டால் பொலிசுக்கும் வழக்கறிஞருக்கும் ஓடுமுன் மத்தியஸ்த சபை இருக்கிறது. இத்தகைய அயல் பிணக்குகளை அங்கே செலவின்றிப் பேசித் தீர்க்கலாம்.

படி 4: காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கிடுங்கள்

படவரைஞர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது, அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது திறப்பாக இருக்க வேண்டும் என்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்றால் 120 சதுர அடி. ஏழில் ஒரு பங்கு ஏறத்தாழ 17 சதுர அடி. நாலடி அகலம், நாலரையடி உயரமான ஒரு யன்னல் 18 சதுர அடி. கணக்கு சரி.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய மர யன்னலில் பலகை முழுவதும் திறக்கும். அதற்குப் பதிலாக இப்போது எல்லோரும் போடும் இரண்டு தட்டு இழுவை அலுமினிய யன்னலில், ஒன்றன்மேல் ஒன்று நகர்வதால் எப்போதும் பாதிதான் திறக்கும். அதே துவாரம், அதே அளவு. காற்று வரும் வழி 18 சதுர அடியிலிருந்து 9 ஆகிவிட்டது. ஆவணி மாதக் கச்சான் காற்றிலும் வீடு ஏன் வேகிறது என்று பிறகு கேட்பார்கள். அலுமினியம்தான் வேண்டுமென்றால் பிணைச்சலில் திறக்கும் வகையைக் கேளுங்கள். இழுவை யன்னல் வரவேற்பறைக்கு அழகு. படுக்கையறைக்கு நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் லிண்டலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரக் கற்களை மூடிப் பூசிவிடும் பழக்கமும் வந்திருக்கிறது. சூடான காற்று மேலேதான் சேர்கிறது, அது போகும் வழி அந்தத் துவாரங்கள். நுளம்பு வருகிறது என்றால் உள்ளே வலை அடியுங்கள், துவாரத்தை விட்டுவிடுங்கள். டெங்கு உள்ள ஊர்களில் யன்னல் மாற்றும்போதே வலைச் சட்டத்துக்கும் இடம் விட்டு அளவு கொடுப்பது புத்திசாலித்தனம். பிறகு வலை பூட்ட வந்தால் கிறில் இடிக்கும், கொண்டி இடிக்கும்.

படி 5: விண்ணப்பம்

சபையில் விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள். பொதுவாகக் கேட்பவை: காணி உறுதி அல்லது அரச காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப் படம், சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு, முன்பு அங்கீகரிக்கப்பட்ட வீட்டுப் படம், மாற்றத்தைக் காட்டும் புதிய படம். புதிய படத்தைச் சபை ஏற்றுக்கொள்ளும் தகுதியுள்ள படவரைஞர் வரைந்து ஒப்பமிட வேண்டும். பழைய சுவர், உடைக்கும் பகுதி, புதிய பகுதி ஆகியவற்றை வேறு வேறு நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு ஒரு பார்வையில் விளங்கினால் கோப்பு மேசையில் தங்குவது குறையும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பது நம் ஊர்களில் சாதாரணம். வீட்டில் இருப்பவர் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. உரிமையாளர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வேண்டும். அதை முதலிலேயே எடுத்துவையுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம்.

பழைய அங்கீகாரப் படம் பல வீடுகளில் இல்லை. போர்க்காலத்தில் தொலைந்தது, 2004 ஆழிப்பேரலையில் போனது, ஆரம்பத்திலேயே எடுக்கப்படாதது எனப் பல காரணங்கள். சபைக் கோப்பில் பிரதி இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இருக்கும் வீட்டை அளந்து முழுப் படமும் வரைய நேரும், செலவு கூடும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தொழில்நுட்ப உத்தியோகத்தரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வந்து பார்ப்பார்கள். பின் திட்டமிடல் குழுவுக்குப் போகும். கையில் அனுமதி வருமுன் சுவரில் உளி வைக்க வேண்டாம். அனுமதியின்றி உடைத்த வேலையை நிறுத்தவும், முன்பிருந்தபடி ஆக்கவும் அறிவித்தல் கொடுத்து, நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகச் சபைக்கு அதிகாரம் உண்டு. அனுமதிக்குக் காலவரையறை இருப்பதால் மரமும் ஆளும் ஆயத்தமான பின்னரே விண்ணப்பிப்பது நல்லது.

படி 6: லிண்டல்

விதிகளை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. யன்னலுக்கு மேலுள்ள சுவரின் பாரத்தையும் கூரையின் பாரத்தையும் தாங்குவது நிலை அல்ல, லிண்டல்தான். திறப்பை அகட்டினால் பழைய லிண்டலின் ஒரு முனை காற்றில் நிற்கும். “நிலை பிடித்துக்கொள்ளும்” என்று சொல்லும் மேசனை அன்றே அனுப்பிவிடுங்கள்.

புதிய லிண்டல் இரு பக்கமும் சுவருக்குள் குறைந்தது ஆறங்குலமாவது உட்கார வேண்டும்; ஒன்பது அங்குலம் இருந்தால் இன்னும் நல்லது. நம் பக்க வீடுகள் பெரும்பாலும் துவாரமுள்ள சீமெந்துக் கல்லில் கட்டியவை. லிண்டல் முனை உட்காரும் கல்லின் துவாரங்களைக் கொங்கிரீட்டால் நிரப்பாவிட்டால் பாரம் இறங்கும்போது கல் நொறுங்கும். உடைக்குமுன் கூரைக்கும் மேல்சுவருக்கும் முட்டுக் கொடுத்து, லிண்டல் போட்டு, குறைந்தது ஏழு நாள் நனைத்து, இரண்டு கிழமை கழித்தே முட்டுகளை எடுக்க வேண்டும். வீட்டின் மூலையிலிருந்து இரண்டடிக்குள் புதிய திறப்பு வைக்க வேண்டாம். இரண்டு திறப்புகளுக்கு இடையிலும் அவ்வளவு சுவராவது மிஞ்ச வேண்டும். மாடி வீடென்றால் பொறியியலாளர் ஒருவரின் கையொப்பத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவல்ல.

படி 7: மரமா, அலுமினியமா

1978 நவம்பர்ச் சூறாவளியைப் பார்த்த முதியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காற்றுப் பக்கத்து யன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் நிற்காது. ஆகவே நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டைகள் பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இருக்கட்டும். வெளிக்கதவுக்கு மூன்று பிணைச்சல், மேலும் கீழும் தாழ்ப்பாள். வாடை மழை அடிக்கும் வடகிழக்குப் பக்க யன்னல்களுக்கு மேல் இரண்டடி நீளத் தட்டு இல்லையென்றால், எந்த விலை யன்னலும் கசியும்.

மரம் வாங்கினால் முதிரை, பாலை, தேக்கு ஆகியவை நிலைக்கு உறுதி. வேம்பு கறையானுக்குத் தாக்குப் பிடிக்கும். அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ பதிவுள்ள மர ஆலையிலோ வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சொந்த வளவுப் பலாவைத் தறித்து நிலை செய்வோம் என்று நினைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது: பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும். மரம் உங்கள் வளவில் நின்றாலும் அப்படித்தான். இதற்கு மட்டும் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். சுவரோடு ஒட்டும் நிலையின் முதுகுக்குத் தார் பூசாமல் வைத்தால், ஓடாவியார் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் சில ஆண்டுகளில் கறையான் கணக்குத் தீர்த்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் போல் தண்ணீர் ஏறும் இடங்களில் ஒட்டுப்பலகைக் கதவு வேண்டவே வேண்டாம். ஊறினால் உப்பிப் பிரிந்துவிடும். குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு போதும்.

அலுமினியம் கறையானுக்குத் தப்பும், உப்புக் காற்றுக்கு முழுவதும் தப்பாது. கடலருகே நல்ல தடிப்பான பட்டையும் பவுடர் பூச்சும் வேண்டும். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகாணி அலுமினியத்தோடு சேர்ந்து உப்பு ஈரத்தில் இரண்டையும் அரிக்கும். ஈரச் சீமெந்து பட்டாலும் அலுமினியத்தில் கறை விழும். பூச்சு வேலை முடியும்வரை ஒட்டுத்தாளைக் கழற்ற விடாதீர்கள்.

படி 8: அளவும் பொருத்தலும்

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தையும் அவ்வாறே மூன்று இடத்திலும் எடுத்து, சிறியதைக் கொள்ளுங்கள். மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒத்து வராவிட்டால் துவாரம் கோணல். அதைப் பூச்சில் நேராக்கிய பின்னரே அலுமினியத்துக்கு அளவு கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டு சிலிக்கனால் அடைப்பது வழக்கம். கீழ்ப்படி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அதன் அடியில் நீர் சொட்டும் ஒரு கோடு வெட்ட வேண்டும். ஐப்பசியில் சுவரை உடைக்கத் தொடங்குவது தண்ணீரை வீட்டுக்குள் அழைப்பது. மாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் வேலையை முடியுங்கள். நிலை வைக்க நல்ல நாள் பார்ப்பவர்கள், லிண்டல் காயும் நாளையும் சேர்த்துப் பஞ்சாங்கம் பார்க்கவும்.

தரை வரை இறங்கும் கண்ணாடிக்கும் கதவுக் கண்ணாடிக்கும் பதப்படுத்திய கண்ணாடியே வேண்டும். உடைந்தால் கத்தித் துண்டாகாமல் சிறு மணிகளாக உதிரும். கள்வருக்குப் பயந்து எல்லா யன்னலுக்கும் நிலையான கிறில் அடித்த வீட்டில் தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிறிலாவது உள்ளிருந்து திறக்கும்படி செய்து, சாவியைக் கைக்கெட்டும் இடத்தில், யன்னலுக்கு வெளியிலிருந்து எட்டாத தூரத்தில் மாட்டுங்கள்.

படி 9: முடித்த பின்

அனுமதி எடுத்த வேலையென்றால் சபைக்கு அறிவித்து, பரிசோதனைக்குப் பின் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது படத்தில் உள்ளதும் சுவரில் உள்ளதும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலைக்காரருக்குக் கடைசித் தவணையை முதல் மழை கழிந்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொண்டால், கசிவு திருத்த ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது.